இரண்டாவது புள்ளி

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் கடைசியாகக் கேட்கிற சாமான் பவர் சப்ளைதான். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதை முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. திரை எவ்வளவு அகலம், கார்டு எந்த மாடல், விசிறி எத்தனை நிறத்தில் மின்னும், எல்லாவற்றையும் குடைந்து குடைந்து விசாரித்துவிட்டு, பில் போடப் போகிற நேரத்தில்தான், "சப்ளைதானே, ஏதாவது ஒண்ணு போட்டுடுங்க" என்பார்கள். சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் பிரித்துக் கொடுப்பது அந்தப் பெட்டி. அது சொதப்பினால் மற்றதெல்லாம் வெறும் தகரம். ஆனாலும் யாருக்கும் அதன்மேல் கண் போகாது.

போன தடவை நீங்கள் வந்தபோது தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான். தீயணைப்புத் துறையிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்றீர்கள், மின்கசிவா என்று கேட்டீர்கள், நானும் தலையாட்டி அனுப்பிவைத்தேன். இன்று அந்தக் கருகிய பெட்டியையே மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவசரமில்லம்மா, நிதானமா சொல்லுங்க" என்கிறீர்கள். நிதானத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை. டீயை மட்டும் ஆறவிடாமல் குடியுங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசலாம், பக்கத்து அறையில் தம்பி இப்போதுதான் கண் அசந்திருக்கிறான். ஓயாமல் ஒரு முனகல் கேட்கிறதே, அது அவனுடைய ஆக்சிஜன் மெஷின். முதலில் எரிச்சலாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும்.

நான் வேலை பார்ப்பது ஒரு கம்ப்யூட்டர் கடை. கீழே முதலாளி விற்கிறார், மாடியில் உட்கார்ந்து பொருத்துவதும் பழுது பார்ப்பதும் நான். பொம்பளைக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா என்று ஆரம்பத்தில் நக்கலடித்தவர்கள்தான் இப்போது, "அக்கா கை பட்டா நம்பி எடுத்துட்டுப் போலாம்" என்று காத்திருந்து வாங்கிப் போகிறார்கள். சப்ளை விஷயத்தில் நான் ரொம்பக் கறார். லேபிளில் ஆயிரத்து இருநூறு வாட் என்று அச்சடிக்க யாரால்தான் முடியாது. நான் லேபிளைப் பார்ப்பதே இல்லை, கையில் தூக்கிப் பார்ப்பேன். நல்ல சப்ளைக்குள் செம்புச் சுருளும் தடித்த அலுமினியமும் இருக்கும், தூக்கினால் கை இறங்கும். மட்டமானதைத் தூக்கினால் பூ மாதிரி வரும். கனமில்லாத சப்ளையை யார் தலையிலும் கட்டக்கூடாது என்பது மாடியில் நான் போட்ட சட்டம். முதலாளிகூட மீறமாட்டார்.

பழுதாகித் திரும்பி வந்தவை நல்ல சரக்கோடு கலந்துவிடக் கூடாது இல்லையா, அதற்கும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சிவப்பு நெயில் பாலிஷ். விரலில் ஒருநாளும் பூசியதில்லை, ஆனால் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு குப்பி இருக்கும். பழுதான சப்ளையின் அடிப்பக்கம், திருகாணிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். கடையில் எல்லாருக்கும் இது தெரியும். நீங்கள் போய் விசாரித்திருக்கிறீர்கள் என்று முதலாளி போனில் சொன்னார். பாவம், என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று தவித்துப்போய்விட்டார். இதில் என்ன இருக்கிறது என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.

இனி தம்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவன் இரண்டு சக்கர சைக்கிள் பழகிக்கொண்டிருந்தான். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட அப்பா இல்லை, நான் ஓடினேன். எனக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், பையனும் கூடவே வருவானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவனுக்கு அடிக்கடி இளைப்பு வரும். மூச்சு வாங்க முடியாமல் நெஞ்சு ஏறி இறங்கும்போது என் மடியில் சாய்த்து முதுகை நீவிவிடுவேன். "அக்கா, போயிடாத" என்பான். நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் மூச்சு சீராகிவிடும். டாக்டரே சொல்லியிருக்கிறார், உங்க பையனுக்கு மருந்தைவிட நீங்கதான் மருந்து என்று. அக்கா என்று நான் திருத்தவில்லை.

வளர்ந்ததும் இளைப்பு போய்விட்டது. அதற்குப் பதில் விளையாட்டு வந்தது. கம்ப்யூட்டரில் ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து சுடுகிற விளையாட்டு. ஆரம்பத்தில் எல்லா வீட்டிலும் போல நானும் திட்டினேன். கண் கெட்டுப்போகும், சோறு ஆறிப்போகும், உருப்படுகிற வழியைப் பார். அவன் சிரித்துக்கொண்டே ஒரு காதில் ஹெட்செட்டைத் தள்ளிவிட்டு, "ஒரே ஒரு ரவுண்டுக்கா" என்பான். அந்த ஒரு ரவுண்டு முடிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவனிடம் சரக்கு இருந்தது. யார் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் அவன் விளையாடுவதைப் பார்க்கவென்றே கூடினார்கள். அவன் விரல் போகிற வேகத்தை நானே கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். பெருமையாகத்தான் இருக்கும்.

அவனுடைய கம்ப்யூட்டர் நான் பொருத்தியது. திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று போதாதென்று இரண்டு வேண்டுமென்றான், போட்டுக் கொடுத்தேன். கம்பெனி நிர்ணயித்த வேகம் போதாதென்று அவனே அதை முறுக்கி ஏற்றிவைத்தான், ஓவர்கிளாக் என்பார்கள். இரண்டு கார்டும் முறுக்கின வேகத்தில் ஓடும்போது கரண்டைக் குடித்துத் தள்ளும். பழைய சப்ளை நல்லதுதான், ஆனால் சிறிசு. விளையாட்டு உச்சத்துக்குப் போகும்போது, என்னால் முடியாதப்பா என்று தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நல்ல சப்ளையின் குணம் அது. யாருக்கும் சேதமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

"அக்கா, நட்ட நடு ஆட்டத்துல அணைஞ்சுபோகுது. டீம்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க. பெரிய சப்ளையா ஒண்ணு பாத்துப் போட்டுக் குடேன்" என்றான்.

அவனே ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தான். படத்தை அனுப்பியிருந்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவன் பார்த்தது சரியான சப்ளை. வாட்டும் போதும், இரண்டு கார்டுக்கும் தனித்தனி கேபிள், நல்ல கனம். என் கடையில் வேறு யார் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன். மறுநாளே வாங்கி வரலாம் என்றுதான் நானும் இருந்தேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் போன் செய்தாள். அவன் அணியின் கேப்டன். அதுவரை அவளை நான் குரலாகத்தான் கேட்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தம்பியின் சிரிப்புக்கு நடுவில். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மரியாதை தெரிந்த பெண். வருகிற சனிக்கிழமை மத்தியானம் ஒரு தேர்வு ஆட்டம் இருக்கிறது, அதில் ஜெயித்தால் அணிக்குப் பெரிய இடத்தில் ஆதரவு கிடைக்கும், ஐந்து பேரும் வேறு ஊரில் ஒரே வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்கவேண்டும் என்று விவரமாகச் சொன்னாள்.

"தம்பி உங்ககிட்ட சொல்லத் தயங்குறான்க்கா. நீங்க தனியாயிடுவீங்களேன்னு. அதான் நானே சொல்றேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அவனுக்கு என்ன ஒத்துக்கும் ஒத்துக்காதுன்னு மட்டும் சொல்லிடுங்க, இனிமே நாங்க பாத்துக்கறோம்."

இனிமே நாங்க பாத்துக்கறோம். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும். சரிம்மா, ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு வயிறு எரிந்தது ஐயா. இத்தனை வருடம் முதுகு நீவிவிட்டவள் நான், நெஞ்சு ஏறி இறங்கும்போது எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான், இவள் யாரோ ஒருத்தி போனிலேயே அவனைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகிறாள்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது. அதற்கப்புறம் ஆற அமர உட்கார்ந்து யோசித்தேன். அவனால் தனியாக இருக்க முடியுமா? சாப்பாட்டு நேரம் தெரியாது. துவைத்த துணி எது, அழுக்குத் துணி எது தெரியாது. குளிர்காற்று பட்டால் இளைப்பு திரும்பினாலும் திரும்பும். அந்த வீட்டில் ஐந்து பேரும் அவனைப் போலவே இருந்தால் யார் யாரைப் பார்த்துக்கொள்வது? போகாமலிருப்பதுதான் அவனுக்கு நல்லது என்று பட்டது. போகாதே என்று நான் சொன்னால் இருந்துவிடுவான், ஆனால் வாழ்நாள் பூரா என்னைக் குறை சொல்லுவான். ஆட்டத்தில் தோற்றால் குறை சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் அவனிடம் சொன்னேன், "நீ பாத்து வெச்சிருக்கியே, அது விசிறிச் சத்தம் ஜாஸ்திடா. மைக்குல இரையும். அதைவிட நல்லதா நான் போட்டுத் தரேன்."

"நெஜமாவாக்கா? விமர்சனமெல்லாம் நல்லா இருந்துதே."

"விமர்சனம் எழுதறவன் ஒருநாள் ஓட்டிப் பாத்து எழுதறான். நான் தினம் பாக்கறேன்."

"நீ சொன்னா சரிதான்" என்று விட்டுவிட்டான். கார்டு வாங்க மாதக் கணக்கில் படித்துத் தேடினவன், சப்ளைக்கு என் வாய்வார்த்தை போதும் என்றான். அவ்வளவு நம்பிக்கை.

பழுதான சப்ளைகளை அடுக்கிவைத்திருக்கிற அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தேன். லேபிளில் ஆயிரத்து இருநூறு, உள்ளே அதில் பாதி இருந்தால் அதிகம். அடிப்பக்கமிருந்த சிவப்பைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தேன். திருகாணிக் குழிக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கிறது, அது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. சனிக்கிழமைக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து நானே பொருத்தினேன். இந்த மாதிரி கேபினெட்டில் சப்ளை கீழே ஒரு தகட்டு மூடிக்குள் போய்விடும், லேபிள் வெளியே தெரியாது. கேபிள்களைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டினேன். எப்போதும்போல சுத்தமாக, ஒரு ஒயர்கூடத் துருத்திக்கொண்டில்லாமல். அவன் கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "செமக்கா, என்னமா கட்டியிருக்கே" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். மறைக்கவேண்டிய வேலையைக்கூட அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

பெரிய சுமை வந்தால் அணைந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டேன் என்று முதலில் உங்களிடம் சொல்ல நினைத்திருந்தேன். அதுவே என் வாக்குமூலமாக இருக்கட்டும் என்று நேற்று பாத்திரம் தேய்க்கும்போது மனசுக்குள் வரிசைப்படுத்திக்கூட வைத்திருந்தேன். அதையும் சொல்லிப் பார்க்கிறேன். ஆட்டத்தின் நடுவில் அணையும், தோற்பார்கள், அவன் ஒருவாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பான், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை அவன் பயிற்சி ஆடினான். முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தான், மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

"அக்கா, அறையில ஏதோ கருகற மாதிரி வாசனை வருதே. கம்ப்யூட்டரா இருக்குமா?"

"புது சப்ளைன்னா நாலு நாள் அப்படித்தான் மணக்கும். உள்ளே பூசியிருக்கற வார்னிஷ் சூடாகுது. தானா போயிடும்" என்றேன்.

"அப்படியா, சரி" என்று தட்டிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனான். நாளைக்கு ஜெயிச்சா உனக்கு ஒரு விஷயம் சொல்லணும் என்று போகிற போக்கில் சொன்னான். எனக்குத் தெரிந்த விஷயம்தானே. சொல்லுடா, அப்போ கேட்டுக்கறேன் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிடக்கூட இல்லை. ஒரு டம்ளர் பால் மட்டும் குடித்தான். அவன் அறையைப் பார்த்திருக்கிறீர்கள், இப்போது கரி. அப்போது சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஃபோம் ஒட்டியிருந்தான், மைக்கில் எதிரொலி வரக்கூடாதென்று. ஆட்டத்தின்போது கதவைச் சாத்திவிட்டு, அடியிலிருக்கிற இடுக்கில் ஒரு பழைய போர்வையைச் சுருட்டி அடைத்துவிடச் சொல்லுவான், அடுப்படிச் சத்தம் உள்ளே போகாமலிருக்க. அன்றைக்கும் அடைத்தேன். வழக்கமாகச் செய்கிறதுதான்.

அப்புறம் வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. இடப்பக்கம் வா, இடப்பக்கம் வா என்று யாரையோ அழைத்தான். ஒருமுறை கைதட்டிச் சிரித்தான். ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. இரண்டு கார்டும் முழு மூச்சில் ஓடும் நேரம். விசிறிகளின் இரைச்சலே ஏறிவிட்டது.

வாசனை எனக்கு முதலில் வந்தது. அவனுக்கு முன்னாலேயே வந்தது, ஏனென்றால் அவன் ஆட்டத்தில் இருந்தான், நான் அதற்காகவே மூக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அது வார்னிஷ் வாசனை இல்லை. மாடியில் அத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போகாது. எழுந்து போய் மெயின் ஸ்விட்சை இறக்கியிருக்கலாம், அடுப்படி வாசலிலேயே இருக்கிறது, இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும்.

மீதி வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். கண் எரிந்தது. வெங்காயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் இருமுகிற சத்தம் கேட்டதும் போனேன். ஓடினேன் என்றே சொல்லலாம். கதவைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. ஃபோம் அப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை. அவன் ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. கார்டு ரெண்டையும் காப்பாற்றவேண்டும் என்று கேபினெட்டைத் தூக்கப் போயிருக்கிறான். உருகின பிளாஸ்டிக் கையில் ஒட்டிக்கொண்டு விடவில்லை. தரையில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். நான்தான் இழுத்து வந்தேன். எதிர்வீட்டு டிரைவர் ஜன்னலை உடைத்து உள்ளே வருவதற்குள் நான் அவனைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் புடவையும் பற்றிக்கொண்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், என் பேச்சாக இல்லாவிட்டாலும் டிரைவர் பேச்சாக.

ஆஸ்பத்திரியில் கண் விழித்து அவன் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "என் தப்புதான்க்கா. நான்தான் வேகத்தை அளவுக்கு மீறி ஏத்தி வெச்சேன். நீ நல்ல சப்ளைதான் போட்டிருப்பே." வாயில் குழாய் எடுத்த புண், பேச்சே வரவில்லை, அதிலும் எனக்குத் தேறுதல் சொல்கிறான். போனா போகுது விடு என்று தலையைத் தடவிவிட்டேன். இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் தாங்குவானா?

விரல்கள் இனி முழுசாக மடங்காது என்றார்கள். நுரையீரலில் பாதி வெந்துவிட்டது என்றார்கள். மெஷின் இல்லாமல் பத்தடி நடந்தால் உதடு நீலமாகிவிடுகிறது. நான்தான் ஊட்டிவிடுகிறேன். இளைப்பு முட்டும்போது மடியில் சாய்த்து முதுகை நீவிவிடுகிறேன். முந்தாநாள், "அக்கா, போயிடாத" என்றான். எத்தனை வருடத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் கேட்கிறது புரிகிறது. அணையவேண்டும் என்பது மட்டும்தான் நோக்கமென்றால் பழைய சப்ளையே அணைந்துகொண்டுதானே இருந்தது, அதை ஏன் மாற்றவேண்டும் என்கிறீர்கள். சரியான கேள்வி. கடையில் பொருத்துகிறவன் கேட்கிற கேள்வி அது. நான் மாற்றாவிட்டால் அவன் வேறு கடையில் வாங்கிப் போட்டிருப்பான் என்று ஒரு பதில் வைத்திருந்தேன். ஆனால் நீங்கள் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் நன்றாகவே தெரிகிறது. இந்தத் திருகாணிக் குழியில் கொஞ்சம் சிவப்பு. அந்தத் திருகாணிக் குழியிலும் கொஞ்சம் சிவப்பு.

ஆமாம். இரண்டு புள்ளி.

ஒரு புள்ளி என்றால் தானே அணைந்துவிடும், இல்லை உயிரே வராது, ஆபத்தில்லாத பழுது. இரண்டு புள்ளி என்றால் அணையாது. சுமை ஏற ஏறக் கொதிக்கும், கருகும், தீப்பிடிக்கும். உடைத்துப் போடு, யாருக்கும் கொடுக்காதே என்று அர்த்தம். அந்த அலமாரியில் ஒரு புள்ளி வைத்தவை நிறைய இருந்தன. இரண்டு புள்ளி அது ஒன்றுதான். அதை வைத்தது என் கை. சோதித்துப் பார்த்தபோது மாடி முழுக்கப் புகை, முதலாளி படியேறி ஓடிவந்தார், அது எனக்கு மறக்கவில்லை. அணைந்தால் அவன் மறுபடி போட்டுவிடுவான் ஐயா. அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் வரும். கருகினால்தான் மறுபடி போடமுடியாது. அவனுடைய காலடியிலிருக்கிற பெட்டி தீப்பிடிக்கும் என்று தெரிந்துதான் வைத்தேன். தெரிந்துதான் போர்வையை அடைத்தேன். தெரிந்துதான் வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. அவனுக்குக் கெடுதல் நினைத்து நான் ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் நினைத்தேன். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தம்பியை என்னைப்போலப் பார்த்துக்கொண்டவள் உண்டா என்று.

இதோ, விழித்துக்கொண்டுவிட்டான், கூப்பிடுகிறான். கொஞ்சம் இருங்கள்.

"அக்கா, யாரு வந்திருக்கா?"

"மெஷினைப் பத்திப் பேச வந்திருக்காங்கடா. நீ படு."

"அந்தச் சின்ன மெஷினா? சீக்கிரம் சொல்லச் சொல்லுக்கா."

"சொல்லிட்டிருக்கேன். நீ மூச்சு வாங்காம படு."

கேட்டீர்களா. அது வேறொன்றுமில்லை. அந்தக் கேப்டன் பெண் மறுபடி போன் செய்தாள். விரல் போனால் என்ன, கண்ணும் மூளையும் இருக்கிறதே, கூட இருந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், அவன் இல்லாமல் அணி ஓடாது என்கிறாள். விடாப்பிடியான பெண். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்றையிலிருந்து ஊருக்குப் போகிற பேச்சுதான். இந்தப் பெரிய மெஷினை ரயிலில் தூக்கிக்கொண்டு போகமுடியாது, சுவரில் சொருகினால்தான் ஓடும். பேட்டரியில் ஓடுகிற மாதிரி, கையில் எடுத்துப் போகிற மாதிரிச் சின்னதாக ஒன்று வேண்டும். பயணம் ஒரு பகல் முழுக்க. வழியில் நின்றுபோகாமல் பேட்டரி தாங்கவேண்டும். டீம்காரர்களே வாங்கித் தருகிறோம் என்றார்களாம். இவன், "வேண்டாம், எங்கக்கா பாத்துப்பா, அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டான்.

இந்த நிலைமையில் என்னை நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அதை மட்டும் யோசியுங்கள். என்னைத் தவிர வேறு யாரை அவன் நம்புவான்? நேற்றே கடைகடையாக ஏறி இறங்கி ஒன்று பார்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாள் பூரா தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கிறது. தூக்கிப் பார்த்தேன், பூ மாதிரி வருகிறது. அவன் கை வலிக்காது.